கடல் கடந்து வரும் கரணை

தன் நாட்டை விட்டு வேறொரு நாட்டுக்குச் சென்று, அங்குள்ள ஏழைக் குடும்பங்களுக்குக் கல் சுமந்தும் கலவை குழைத்தும் சிறு வீடுகள் எழுப்பித் தரும் தன்னார்வத் தொண்டு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உடையது. ஊதியம் பெறாமல், பெரும்பாலும் பயணச் செலவையும் தாமே ஏற்று, இரண்டு வாரம் முதல் ஓரிரு ஆண்டுகள் வரை இவ்வாறு உழைக்க வருபவர்களுள் மாணவர்கள், ஓய்வுபெற்ற பொறியாளர்கள், திருச்சபைக் குழுவினர், நிறுவன ஊழியர்கள் எனப் பல தரப்பினர் உண்டு. அவர்களுடைய நல்லெண்ணத்தில் ஐயம் இல்லை. ஆயினும் ஒரு குடும்பம் வாழப்போகும் வீட்டை வெளியார் கட்டும்போது, அவ்வீட்டின் இடத்தையும் அளவையும் கூரையையும் முடிவு செய்பவர் யார் என்பதும், செலவாகும் தொகையில் எவ்வளவு சுவராக எழுந்து நிற்கிறது என்பதும் தவிர்க்க முடியாத கேள்விகளாகின்றன. இவ்விரண்டுக்கும் வெவ்வேறு காலத்து மக்கள் அளித்த விடைகளே இத்தொண்டின் வரலாறு எனலாம். அவ்வரலாற்றில் கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் தடத்தில், நெல்லிக்குப்பத்தை அடுத்து, தென்பெண்ணையாற்றுக்குத் தெற்கே அமைந்த பேரூர் மேல்பட்டாம்பாக்கம். வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய வருபவர் என்பது இவ்வூருக்குப் புதிய செய்தி அன்று. சாதி வேறுபாட்டைத் திருச்சபைக்குள் எவ்வாறு நடத்துவது என்னும் சிக்கலில் லீப்சிக் மிஷனோடு கருத்து மாறுபட்டு வெளியேறிய ஜெர்மானியரான கார்ல் ஓக்ஸ், 1860-களில் இங்கே நிலையூன்றிப் பெத்தானியா என்னும் பணித்தளத்தை அமைத்தார். டென்மார்க்கு நாட்டு மிஷன் சங்கம் அதனை ஏற்று நடத்தியது. ஓரிரு வாரம் தங்கிப் போகாமல், தமிழ் கற்று, ஆண்டுக்கணக்கில் இவ்வூரிலேயே வாழ்ந்த வருகை அது. பின்னர் வந்த குறுகிய காலத் தொண்டர்களை மதிப்பிடும்போது இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ளவேண்டும்.

வீடு என்னும் சொல் இப்பகுதி ஏழைக் குடும்பத்துக்கு என்ன பொருள் தருகிறது என்பதையும் முதலில் அறிதல் நன்று. கரும்பு விளையும் இவ்வட்டாரத்தில் குடிசைகளின் கூரை பெரும்பாலும் கரும்புச் சோகையால், அதாவது கரும்பின் காய்ந்த தோகையால் வேயப்படுவது. பனை ஓலையும் தென்னங்கீற்றும் கிடைப்பதைப் பொறுத்துச் சேரும். தாங்குவதற்குச் சவுக்குக் கம்புகள் நிற்கும். சோகை இரண்டொரு மழைக்காலத்தில் மக்கிவிடும் என்பதால், ஐப்பசி பிறக்குமுன் கூரை மாற்றும் செலவு அக்குடும்பத்தின் மீது திரும்பத் திரும்ப விழுகிறது. இத்தகைய கூரைகளின் மீதுதான் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்து, பண்ருட்டியின் பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் சாய்த்த அதே வேகத்தில் வீசியது. 2015 நவம்பரில் பண்ருட்டி அருகே பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் வீடுகளையும் உயிர்களையும் வாரிச் சென்றது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பின், சாத்தனூர் அணையிலிருந்து வந்த பெருவெள்ளத்தில் தென்பெண்ணைக் கரையூர்கள் மூழ்கின. இங்கே உறுதியான வீடு என்பது வசதிப் பொருள் ஆகாது, அது உயிர்க்காப்பு.

அயல்நாட்டார் குழுவாகத் திரண்டு வந்து இந்தியாவில் வீடு கட்டிய தொடக்ககால நிகழ்வுகளுள் முதன்மையானது, 1934 ஜனவரி 15-இல் பீகாரைக் குலைத்த நிலநடுக்கத்தை ஒட்டியது. சுவிட்சர்லாந்துப் பொறியாளரான பியேர் செரசோல், முதல் உலகப் போருக்குப் பின் 1920-இல், பிரான்சின் வெர்தூன் போர்க்களத்தருகே எஸ்ன் என்னும் சிற்றூரில், போரிட்ட நாடுகளின் இளைஞர்களைச் சேர்த்து இடிந்த வீடுகளை எடுத்துக் கட்டும் உழைப்பு முகாமை நடத்தியவர். உழைப்பு முகாம் என்பது, பல நாட்டினர் ஓரிடத்தில் கூடித் தங்கி, கூலியின்றி உடலுழைப்புச் செய்யும் ஏற்பாடு. நம் நாட்டில் பின்னர் சிரமதானம் என்று வழங்கியதற்கு நெருங்கிய உறவு உடையது. பகைவர் நாட்டில் செங்கல் அடுக்குபவன் அந்நாட்டின் மீது துப்பாக்கி தூக்கமாட்டான் என்னும் நம்பிக்கையில் பிறந்த அவ்வியக்கமே பன்னாட்டுக் குடிமைத் தொண்டு இயக்கமாக வளர்ந்தது. பீகார்ச் செய்தி அறிந்த செரசோல் இந்தியா வந்து, காந்தியடிகளையும் இராசேந்திர பிரசாத்தையும் சந்தித்து, 1937 வரை சிறு குழுக்களுடன் அங்கே உழைத்தார். நிலநடுக்கத்தால் நிலமட்டம் மாறி வெள்ளத்தில் சிக்கிய ஊர்களை மேட்டு நிலத்துக்கு மாற்றி அமைப்பதே முதன்மைப் பணி. வந்த ஐரோப்பியர் ஒரு கைவிரல் எண்ணிக்கையைத் தாண்டாதவர்கள். கட்டியவர்களுள் பெரும்பாலோர் அவ்வூர் மக்களே.

அந்நிவாரணப் பணியில் தமிழர் ஒருவர் ஆற்றிய பங்கு, வீடு கட்டிய பங்குக்குச் சற்றும் குறைந்ததன்று. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, கணக்காயராகப் பயிற்சி பெற்று, காந்தியப் பொருளியலின் முதன்மைச் சிந்தனையாளராக விளங்கிய ஜே. சி. குமரப்பா, இராசேந்திர பிரசாத் தலைமையில் இயங்கிய பீகார் மத்திய நிவாரணக் குழுவின் நிதிப் பொறுப்பைக் கவனித்தார். தொண்டர் ஒருவரின் உணவுச் செலவுக்கு நாளொன்றுக்கு மூன்றணா என அவர் வரம்பு கட்டினார். காந்தியடிகளும் அவருடன் வந்தவர்களும் பாட்னாவுக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியில் எழுத இயலாது என்று அவர் மறுத்ததும் அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இடம்பெற்ற செய்தி. துயருற்றோர் பெயரால் திரட்டிய பணத்தில் தொண்டரின் வசதிக்கு எவ்வளவு போகலாம் என்பதை இத்தனை கண்டிப்போடு வரையறுத்த மற்றோர் எடுத்துக்காட்டைக் காண்பது அரிது.

அந்த அளவுகோல் பிற்காலத்தில் தளர்ந்தது. 1998 அக்டோபர் இறுதியில் மிட்ச் சூறாவளி நடு அமெரிக்க நாடான ஹோண்டுராசைச் சிதைத்த பின், வட அமெரிக்கத் திருச்சபைகளிலிருந்து குழு குழுவாகத் தன்னார்வலர்கள் அங்கு சென்று வீடு கட்டினர். அந்நாட்டிலேயே வாழ்ந்து ஆய்வு செய்த சமூகவியலாளர் கர்ட் வெர் பீக் அப்பணியின் விளைவை ஆராய்ந்தபோது, உள்ளூர் அமைப்புகள் சுமார் 2,000 டாலரில் எழுப்பிய ஒரு வீட்டுக்கு, வெளிநாட்டுக் குழுக்கள் தம் பயணத்தையும் சேர்த்து ஏறத்தாழ 30,000 டாலர் செலவிட்டிருந்தன என்று கண்டார். வீடு பெற்ற குடும்பங்களின் பிந்தைய வாழ்க்கையில், அதைக் கட்டியவர் வெளிநாட்டாரா உள்ளூராரா என்பதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் தோன்றவில்லை. பதினைந்து வீடுகளுக்குரிய பணத்தில் ஒரு வீடு எழுந்தது என்பதே அக்கணக்கின் பொருள். சென்றவர்கள் தம் சொந்தப் பணத்தில்தான் சென்றனர், அப்பணம் வேறு எவ்வகையிலும் ஏழைகளிடம் வந்திருக்காது என்று ஒரு வாதம் உண்டு. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் எஞ்சிய பதினான்கு குடும்பங்களின் முகத்தை நினைக்கும்போது அவ்வாதம் ஆறுதல் தருவதாக இல்லை.

இத்துறையில் இன்று உலகெங்கும் அறியப்பட்ட பெயர் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. மில்லார்டு ஃபுல்லர், லிண்டா ஃபுல்லர் இணையர் 1976-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நிறுவிய இவ்வமைப்பு, 1983-இல் கம்மத்தில் தொடங்கி இந்தியாவிலும் செயல்பட்டு வருகிறது. வீடு பெறும் குடும்பமும் குறிப்பிட்ட மணிநேரம் கட்டுமானத்தில் உழைக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. பணமாகச் செலுத்த இயலாத பங்கை உழைப்பாகச் செலுத்துவதால் இதை வியர்வைப் பங்கு எனலாம். 2006-இல் முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர், மகாராட்டிரத்தின் லோணாவளா அருகேயுள்ள மளவலியில், ஏறத்தாழ 2,000 தன்னார்வலருடன் ஒரே வாரத்தில் 100 வீடுகளை எழுப்பும் பணியில் தம் கையாலேயே ஈடுபட்டார். ஏழையின் வீட்டை உலகச் செய்தியாக்கியது அம்முகாமின் பெரும்பயன்.

கடலூர்க் கடற்கரை இத்தகைய வருகையைப் பேரளவில் கண்டது 2004 டிசம்பர் 26-க்குப் பின்னர்தான். ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் மாண்டவர் சுமார் 8,000 பேர். அவர்களுள் அறுநூறுக்கும் மேற்பட்டோர் கடலூர் மாவட்டத்தினர். தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோதிக்குப்பம், பரங்கிப்பேட்டையை அடுத்த சாமியார்பேட்டை, கிள்ளைப் பகுதியின் எம்.ஜி.ஆர். திட்டு எனக் கரையோர ஊர்களில் வீடிழந்தோர், தார் பூசிய அட்டைக் கூரையின்கீழ், வெயில் நேரத்தில் உள்ளே நிற்கவும் இயலாத தற்காலிகக் குடியிருப்புகளில் மாதக்கணக்கில் வாழ்ந்தனர். அரசின் கொள்கைப்படி, நிலத்தை அரசு தரும். குறைந்தது 50 வீடுகளையேனும் கட்டித்தர முன்வரும் தொண்டு நிறுவனமோ தொழில் நிறுவனமோ ஓர் ஊரைப் பொறுப்பேற்கலாம். வீடு 300 முதல் 325 சதுர அடி. மதிப்பீடு ஏறத்தாழ ரூ.1.5 லட்சம். உயர் அலைக்கோட்டிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் இடம் பெயரச் சம்மதிப்பவர்க்குப் புதிய வீடு, பழைய மனையை விட்டுக்கொடுத்தால் கிடைக்கும். வீட்டுரிமை கணவன், மனைவி இருவர் பெயரிலும் பதிவாகும். மனைவியின் பெயரையும் சேர்த்த அந்த விதியைத் தமிழ்நாட்டின் நல்ல முடிவுகளுள் ஒன்றாகத் தயக்கமின்றிச் சொல்லலாம்.

அப்பெருந்திட்டத்தில் பணம் குறைவாக இல்லை. ஆர்வமும் குறைவாக இல்லை. குறைந்தது கேட்கும் பொறுமை. உதவித்தொகை தந்தோர்க்குக் குறித்த நாளில் குறித்த எண்ணிக்கையைக் காட்டவேண்டிய நெருக்கடியில், பல நிறுவனங்கள் வேலையை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்து, ஒரே வரைபடத்தில் வரிசை வரிசையாகத் தட்டையான கான்கிரீட் வீடுகளை எழுப்பின. சுவிட்சர்லாந்து மானிடவியலாளர் ஜெனிபர் டூயின் பாரன்ஸ்டீன் தமிழகக் கடற்கரையில், குறிப்பாக நாகப்பட்டினம் மாவட்ட மீனவ ஊர்களில், பல ஆண்டுகள் நடத்திய ஆய்வுகள் கவலையளிக்கும் செய்திகளைப் பதிவு செய்தன. அலைக்குத் தப்பி நன்னிலையில் இருந்த பழைய வீடுகளும் சில இடங்களில் இடிக்கப்பட்டன. மனையைச் சமன்படுத்தும் வசதிக்காகத் தலைமுறை தலைமுறையாக நிழல் தந்த மரங்கள் வெட்டப்பட்டன. மீனவர் வீட்டில் மரத்தடி என்பது வலை பின்னும் இடம், மீன் உலர்த்தும் பெண்கள் இளைப்பாறும் இடம், ஊர்ப் பேச்சு நடக்கும் இடம், பகல் முழுவதும் புழங்கும் கூடம். அதை வெட்டிவிட்டு உள்ளே ஓர் அறையைக் கூட்டித் தருவதால் ஈடாகாது என்பதை, அந்த வாழ்க்கையை அறியாத வரைபடக்காரர் உணர வாய்ப்பில்லை. புகை வெளியேறாத அடுப்படியைப் பெற்ற குடும்பங்கள், புதிய கான்கிரீட் வீட்டின் பின்புறத்தில் கீற்றுச் சாய்ப்பு ஒன்றை இறக்கி அங்கே சமைக்கத் தொடங்கின. அச்சாய்ப்பு, கட்டியவர் கேட்கத் தவறிய கேள்விக்கு அக்குடும்பம் அளித்த விடை.

கட்டட வேலையின் உள்ளமைப்பு அறியாதவர்க்கு இன்னொன்றையும் விளக்கவேண்டும். கடைக்கால் தோண்டுவது முதல் தளம் போடுவது வரை ஒரு சிறு வீட்டின் வேலையில், மூலை மட்டம் பார்ப்பது, தூக்குக்குண்டு பிடித்துச் சுவரின் நேர்மையைக் காப்பது, கம்பி கட்டுவது ஆகியவை பயிற்சி பெற்ற கொத்தனாரின் கைக்கும் கண்ணுக்கும் உரியவை. புதிதாக வந்தவர் செய்யக்கூடியது கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, கலவைச் சட்டி மாற்றுவது, வெள்ளையடிப்பது போன்ற சித்தாள் வேலை மட்டுமே. அந்தச் சித்தாள் வேலையை நம்பித்தான் இம்மாவட்டத்தில் எண்ணற்ற பெண்கள் அன்றாட உலையை வைக்கின்றனர். கூலியின்றி ஒரு குழு வந்து அதைச் செய்யும் இரண்டு வாரத்தில், அக்கூலி எவரிடமிருந்து போகிறது என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இதே மாவட்டத்து இளைஞர்கள் முகவர்களுக்குக் கடன்பட்டுப் பணம் கட்டி, சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அடுக்குமாடிகள் கட்டப் போகின்றனர். கட்டத் தெரிந்த கைக்கு இங்கே எந்நாளும் பஞ்சம் இருந்ததில்லை.

எனில் வெளிநாட்டார் தரக்கூடியது எதுவுமே இல்லையா என்றால், உண்டு. அதற்குச் சான்று நீண்ட காலம் தங்கிக் கற்றுக்கொண்டவர்களே. பர்மிங்காமில் 1917-இல் பிறந்த லாரி பேக்கர், இந்தியாவுக்கு வந்து இங்கேயே குடிமகனாகி, மலையூர்களில் மக்கள் மண்ணையும் கல்லையும் கையாண்ட முறையைக் கண்டு பயின்று, பின் திருவனந்தபுரத்தில் சிக்கன வீடுகளின் ஆசானாக விளங்கினார். செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் எலிப்பொறிக் கட்டு, தளத்தில் கான்கிரீட்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பழைய ஓடுகளை இட்டு நிரப்பும் முறை ஆகியவற்றை அவர் பரப்பினார். முன்னது செங்கல்லையும் பின்னது சிமெண்டையும் கம்பியையும் மிச்சப்படுத்தும், இரண்டுமே வெப்பத்தைத் தணிக்கும். புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லில் 1989-இல் பிரெஞ்சுக்காரரான சத்பிரேம் மைனி தொடங்கிய மண் கட்டுமான நிறுவனம், மண்ணோடு சுமார் ஐந்து விழுக்காடு சிமெண்ட் கலந்து, கையால் இயக்கும் அழுத்தப் பொறியில் சுடாத கற்களை வார்க்கும் முறையைப் பல நாட்டினர்க்கும் கற்பித்து வருகிறது. சூளைக்கு விறகு தேடவேண்டாத அக்கல்லை உள்ளூர் மக்களே வார்த்துக்கொள்ளலாம் என்பதால், அங்கே கொடுக்கப்படுவது கற்றபின் ஊரிலேயே தங்கும் தொழில்.

கிழக்குத் தஞ்சையின் எடுத்துக்காட்டு இன்னும் ஆழமானது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையை அடுத்து அப்பகுதிக்கே சென்று வாழ்ந்த கிருஷ்ணம்மாள், சங்கரலிங்கம் ஜெகந்நாதன் இணையர், 1981-இல் உழுவோர் நில உரிமை இயக்கமாகிய லாஃப்டியைத் தொடங்கினர். நிலமற்ற தாழ்த்தப்பட்டோர் குடும்பங்களுக்குப் பெண்கள் பெயரில் நிலம் பெற்றுத் தந்த பின்னரே அவ்வியக்கம் செங்கல் வீடுகளின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியது. மனைக்குப் பட்டா இல்லாதவருக்கு வீடு கட்டிக் கொடுத்தால், அடுத்த ஆண்டே அவரை வெளியேற்ற இன்னொருவருக்கு வழி இருக்கும் என்பதை அவ்விணையர் அனுபவத்தால் அறிந்திருந்தனர். வெளிநாட்டு நண்பர்கள் நிதி திரட்டித் துணை நின்றார்கள். கல் அறுத்ததும் சுவர் எழுப்பியதும் ஊரார்.

கடல் கடந்து தமிழர்க்கு வீடு எழுப்பிய மற்றொரு பெருமுயற்சி, இலங்கையில் உள்நாட்டுப் போருக்குப் பின் இந்திய அரசு 2010-இல் அறிவித்த 50,000 வீட்டுத் திட்டம். முதற்கட்ட 1,000 வீடுகள் 2012 ஜூலையில் முடிந்தன. 2012 அக்டோபர் 2 அன்று வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் உரிமையாளரே கட்டும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதன்படி ஒவ்வொரு குடும்பத்தின் வங்கிக் கணக்கிலும் 5,50,000 இலங்கை ரூபாய், கடைக்கால், சுவர், கூரை எனப் பணி முன்னேற முன்னேறத் தவணைகளாகச் செலுத்தப்பட்டது. பொருள் வாங்குவதும், மேசனை அமர்த்துவதும், வாசலை எத்திசையில் வைப்பது என்று தீர்மானிப்பதும் குடும்பத்தின் பொறுப்பு. செஞ்சிலுவைச் சங்கம், ஐக்கிய நாடுகளின் குடியிருப்பு அமைப்பு, ஹேபிடட் முதலியவை தொழில்நுட்ப வழிகாட்டலுக்குத் துணையிருந்தன. இம்முறையிலும் குறை இல்லாமல் இல்லை. பொருள் விலை ஏறியபோதும், நல்ல வீடாக அமையட்டும் என்று சற்றே பெரிதாகத் தொடங்கியபோதும் பல குடும்பங்கள் கடனில் விழுந்தன என்பதை இலங்கை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கணவனைப் போரில் இழந்த பெண்கள் மேசனையும் மணல் வண்டியையும் தனியே சமாளிக்க நேர்ந்தது. இருந்தும், போரில் அனைத்தையும் இழந்தவர் தம் வீட்டைத் தாமே திட்டமிட்டார் என்பதில் உள்ள மானத்துக்கு ஒப்பந்தக்காரர் கையளிக்கும் எந்தச் சாவியும் நிகராகாது.

தமிழ்நாட்டிலும் 2024-இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில், குடிசைவாசிகள் 360 சதுர அடி வீட்டை ரூ.3.5 லட்சம் உதவியோடு தாமே கட்டிக்கொள்கின்றனர். தென்பெண்ணைக் கரையில் மேட்டுமனை இல்லாதவர், பட்டா கைக்கு வராதவர், முதல் தவணை வருமுன் கடைக்கால் போடக் கையில் காசில்லாதவர் ஆகியோருக்கு இத்தகைய உதவியும் எட்டாமல் போகக்கூடும். வெளியிலிருந்து வரும் துணை பொருந்தக்கூடிய இடங்கள் அவையே: மனைக்கு மண் அடித்து உயர்த்துவது, பட்டாவுக்கு அலுவலகம் அலுவலகமாக உடன் நடப்பது, தவணை வரும்வரை வட்டியில்லாமல் கைமாற்றுத் தருவது. புகைப்படத்தில் இவை பதிவாகமாட்டா; ஆனால் வீடு நிற்பது இவற்றின் மேல்.

வெளிநாட்டில் வாழும் பிள்ளைகளும் உறவினர்களும் விடுமுறைக் காலத்தில் ஏதேனும் ஒரு நாட்டுக்கு வீடு கட்டும் குழுவோடு புறப்படவிருந்தால், அவர்களிடம் இக்கட்டுரையைப் படிப்பவர்கள் ஒரு சொல் சொல்லவேண்டும். விமானச் சீட்டு வாங்குமுன், போகும் ஊரில் ஒரு கொத்தனாரின் நாள்கூலி எவ்வளவு, ஒரு சிறு வீட்டின் மதிப்பீடு எவ்வளவு என்று விசாரிக்கட்டும். பயணத்தொகை அதைவிட மிகுதியாக இருந்தால், பணத்தை அவ்வூரின் நம்பத்தக்க அமைப்புக்கு, அந்நாட்டுச் சட்டம் இடம்தரும் வழியில் அனுப்பட்டும். போய்த்தான் ஆகவேண்டும் என்றால் மாதக்கணக்கில் தங்கும் மனத்தோடு, அம்மொழியைக் கொஞ்சமேனும் கற்றுக்கொண்டு போகட்டும். போய்ச் சேர்ந்ததும் கரணையைக் கையில் எடுக்குமுன், அந்த வீட்டில் வாழப்போகும் பெண்ணிடம் அடுப்படி எந்தப் பக்கம் வேண்டும் என்று கேட்கட்டும்.